ஒரே வாசலில் இரண்டு பனிக்காலம்

குழு: பெரிய வீட்டு உறவுகள்

சனிக்கிழமை

மலர் அக்கா, மாலை 6:12
அனைவருக்கும் வணக்கம். இங்கே அமெரிக்காவில், ஒஹையோவில் இப்போதுதான் காலை விடிந்து வெயில் ஏறுகிறது. அதற்குள் இனியன் வாசலில் கிடந்த ஒரு கம்பளிப்பூச்சியைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். தலைப்பக்கமும் வால்பக்கமும் கன்னங்கரேலென்று இருக்க, நடுவில் மட்டும் செங்கல்பொடி நிறத்தில் ஒரு பட்டை ஓடுகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, பட்டை குறுகலாக இருப்பதால் இந்த ஆண்டு பனிக்காலம் கடுமையாக இருக்கும் என்றும், உறைபனி உருக வாசலில் தூவுவதற்கு உப்பு மூட்டையை இப்போதே வாங்கி வைத்துவிடும்படியும் சொல்லிவிட்டுப் போனார்.

பெரியம்மா, மாலை 6:15
குழந்தை அதைக் கையால் தொடும்வரை நீ என்ன செய்துகொண்டிருந்தாய், மலர்? நம் கொல்லை முருங்கையில் இருந்த கம்பளிப்பூச்சி மேலே விழுந்து, உன் சித்தப்பாவுக்கு உடம்பெல்லாம் தடித்து இரண்டு நாள் தூங்காமல் கிடந்ததை மறந்துவிட்டாயா?

மலர் அக்கா, மாலை 6:19
பயப்படாதீர்கள், பெரியம்மா. இந்த வகைக்கு நஞ்சு கிடையாது. மென்மையான தோல் உள்ள சிலருக்கு மட்டும் அதன் மயிர் கொஞ்சம் அரிக்கும் என்கிறார்கள். தொட்டவுடன் பந்து மாதிரி சுருண்டுகொண்டது, அவ்வளவுதான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் செய்துவிட்டேன்.

அப்பா, மாலை 6:24
பட்டையைப் பார்த்து எப்படிக் கணிக்கிறார்கள் என்பதை விளக்கமாக எழுது. படத்தை மட்டும் அனுப்பிவிட்டுப் போகாதே.

மலர் அக்கா, மாலை 6:33
இதன் உடலில் 13 கணுக்கள் இருக்கின்றன, பனிக்காலத்துக்கும் 13 வாரங்கள் என்பது கணக்கு. கறுத்த கணு கடுங்குளிர் வாரம், செந்நிறக் கணு மிதமான வாரம். வட கரோலினாவில் பேனர் எல்க் என்னும் மலையூரில் 1978 முதல் இதற்கென்றே அக்டோபரில் திருவிழா நடத்துகிறார்கள். பூச்சிகளை நூலில் ஏறவிட்டுப் பந்தயம் வைத்து, வென்ற பூச்சியின் கணுக்களை வரிசையாகப் படித்து அந்த ஆண்டின் பனிக்காலத்தை அறிவிக்கிறார்கள். எங்கள் பக்கத்தில் வெர்மிலியன் ஊரிலும் இப்படி ஒரு விழா உண்டு. அதைத் தொடங்கி வைத்தவர், கிளீவ்லாந்து தொலைக்காட்சியில் வானிலை சொல்லிவந்த டிக் காடர்ட் என்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

சித்தப்பா, மாலை 6:40
இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது? எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை வரும் என்றும், தட்டான் தாழப் பறந்தாலும் ஈசல் புறப்பட்டாலும் மழை வரும் என்றும் நாம் சொல்லவில்லையா? நம்முடையது அனுபவம், அவர்களுடையது மூடநம்பிக்கை என்று பிரிப்பது நியாயமாகாது.

அப்பா, மாலை 6:52
தம்பி, நியாயத்தை விடு, கால அளவைப் பார். ஈசல் புறப்படும்போது ஈரம் ஏற்கெனவே மண்ணிலும் காற்றிலும் இருக்கிறது. அது இருப்பதை உணர்ந்து வெளியே வருகிறது, நாம் அதைக் கண்டு அன்றைக்கோ மறுநாளுக்கோ மழையை எதிர்பார்க்கிறோம், அதுவும் பல நேரம் ஏமாற்றிவிடுகிறது. அக்டோபரில் ஊரும் ஒரு புழு பிப்ரவரியில் வீசப்போகும் குளிரை எதைக் கொண்டு உணரும்?

கார்த்திக், மாலை 7:05
பூச்சியியல் படித்தவன் என்ற முறையில் நானும் சேர்ந்துகொள்கிறேன். இந்த நம்பிக்கை அமெரிக்கா முழுதும் பரவியதற்குக் காரணமானவரே ஒரு பூச்சியியலாளர்தான். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஹோவர்ட் கர்ரன், 1948இல் பேர் மவுண்டன் பூங்காவுக்குப் போய் இந்தப் பூச்சிகளைப் பிடித்துச் செந்நிறக் கணுக்களை எண்ணினார். அவருடைய கணிப்பு செய்தித்தாளில் வந்ததும் பூச்சிக்குப் புகழ் வந்துவிட்டது. 1956 வரை எண்ணியதில் சராசரி 5.3க்கும் 5.6க்கும் இடையில் நின்றது, பனிக்காலங்களும் மிதமாகவே அமைந்தன. ஆனால் பிடித்தவை மிகச் சில என்பதால் அதை வைத்து எதையும் நிறுவ முடியாது என்பது அவருக்கே தெரியும்.

உண்மையில் அந்தப் பட்டை புழுவின் வயதைப் பொறுத்தது. தோலுரிக்கத் தோலுரிக்கச் செந்நிறம் இரு பக்கமும் பரவிக் கறுப்பு குறையும். ஆகவே பட்டையிலிருந்து எதையாவது படிக்க முடியுமென்றால், அது எப்போது பொரிந்தது, எவ்வளவு காலம் தின்று வளர்ந்தது என்ற பழைய கதையைத்தான். அதைக்கூட உறுதியாகச் சொல்ல முடியாது. ஒரே தாயிட்ட முட்டைகளிலிருந்து ஒரே இடத்தில் வளர்ந்தவையே நிறத்தில் வேறுபடுகின்றன.

சித்தப்பா, மாலை 7:09
நீ ஒரு பட்டம் வாங்கினாய், அந்தப் பெரியவருடைய ஒரு பனிக்காலத்தையே கெடுத்துவிட்டாய்.

ஞாயிற்றுக்கிழமை

மலர் அக்கா, மாலை 6:47
கார்த்திக் சொன்னதற்குச் சாட்சி வீடு தேடி வந்துவிட்டது. இன்று அதே வாசலில், நேற்றைய இடத்திலிருந்து பத்தடி தள்ளி, இன்னொன்று ஊர்ந்துகொண்டிருந்தது. நேற்றையதில் செந்நிறக் கணு நான்கு, இன்றையதில் எட்டு. இரண்டையும் ஒரு வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் விட்டபோது ஒன்று கிழக்கேயும் மற்றொன்று மேற்கேயும் போய்விட்டது. எந்தப் பனிக்காலம் நம் வீட்டுக்கு, எந்தப் பனிக்காலம் எதிர்வீட்டுக்கு என்று இனியன் கேட்கிறான். இரண்டையும் கண்ணாடிக் குடுவையில் போட்டுக் கணப்புக்குப் பக்கத்தில் வைத்து வளர்க்க வேண்டுமாம்.

கார்த்திக், மாலை 6:55
கணப்புக்குப் பக்கத்தில் வைக்காதே, அக்கா. இந்தப் புழு பனிக்காலம் முழுவதையும் உதிர்ந்த இலைகளுக்கு அடியில் உறைந்தே கழிக்கும்; உடலில் கிளிசரால் சுரந்து உயிரணுக்களைக் காப்பதால், உறைந்தாலும் சாகாது. வசந்தம் வந்ததும் எழுந்து, கொஞ்சம் தின்று, கூடு கட்டி, மஞ்சள் நிற அந்துப்பூச்சியாகிப் பறந்துவிடும். இரண்டையும் தோட்டத்து இலைக்குவியலில் விட்டுவிடு. அந்தக் குவியலை மட்டும் இந்த ஆண்டு கூட்ட வேண்டாம்.

பெரியம்மா, மாலை 6:58
எப்படியோ, பூச்சியை வீட்டைவிட்டு வெளியே கொண்டுபோனால் சரி.

அப்பா, மாலை 7:03
மலர், உப்பு மூட்டை வாங்கினாயா?

மலர் அக்கா, மாலை 7:04
நேற்றே இரண்டு மூட்டை வாங்கிவிட்டேன், அப்பா.