பொங்கல் காசு யாருக்குச் சொந்தம்: பிள்ளைக்கா, நமக்கா?

இரண்டு பிள்ளைத் தாய்:
மூத்தவனுக்கு 11 வயது. இந்தப் பொங்கலுக்கு அம்மா வீட்டுக்குப் போய் தாத்தா, பாட்டி, மாமாக்கள், சித்தி என்று ஒருவர் விடாமல் காலில் விழுந்து எழுந்ததில் 4,350 ரூபாய் சேர்த்துவிட்டான். ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு மூடி வைத்திருக்கிறான். 2,800 ரூபாய்க்கு ஒரு கிரிக்கெட் மட்டை பார்த்து வைத்திருக்கிறான், அது வேண்டுமாம். வீட்டுக்காரர் ஒரு பைசா செலவு செய்யக் கூடாது, கணக்கில் போடு என்கிறார். மாமியாரோ, "நாம அவங்க பிள்ளைகளுக்குக் கொடுத்ததுதானே திரும்பி வந்திருக்கு, இது வீட்டுக் காசு" என்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. போன வருஷம் "அம்மா பத்திரமா வச்சிருக்கேன்" என்று வாங்கிய 3,200 ரூபாய் கேஸ் சிலிண்டருக்கும் வேன் கட்டணத்துக்கும் போய்விட்டது. அவன் மறந்திருப்பான் என்று நினைத்தேன். நேற்று அவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பார்த்தால், "அம்மாவிடம் 3,200" என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறான். என்ன செய்யலாம்?

பாஸ்புக்:
முதலில் அந்த 3,200-ஐத் திருப்பிக் கொடுங்கள். அதைக் கொடுக்காமல் சேமிப்பைப் பற்றி நீங்கள் என்ன சொன்னாலும் அவன் காதில் ஏறாது.

அப்புறம் தபால் நிலையம். 10 வயது முடிந்த பிள்ளை தன் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கி, தானே கையெழுத்துப் போட்டுப் பணம் போடலாம், எடுக்கலாம். 500 ரூபாய் இருந்தால் போதும். வட்டி 4 சதவீதம்தான், அதற்காகப் போகச் சொல்லவில்லை. கவுன்டரில் நின்று சலான் எழுதுவது அவனாக இருக்க வேண்டும், அதற்குத்தான். வங்கிகளிலும் இப்போது முடியும், 10 வயதுக்கு மேற்பட்டவர்கள் தாங்களே கணக்கை நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் சொல்லியிருக்கிறது, ஆனால் எவ்வளவு வரை என்பதை அந்தந்த வங்கிதான் முடிவு செய்யும்.

மொய் நோட்டு:
உங்கள் மாமியார் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. எங்கள் உசிலம்பட்டிப் பக்கம் காதுகுத்தில் வருவது பிள்ளையின் காசு கிடையாது, பெற்றவர்கள் தலையில் ஏறும் கடன். யார் எவ்வளவு என்று நோட்டில் எழுதி, அவர்கள் வீட்டு விசேஷத்தில் கூட ஏதாவது வைத்துத் திருப்பிச் செய்ய வேண்டும். அதைப் பிள்ளை உண்டியலில் போட்டால் குடும்பம் மாட்டிக்கொள்ளும்.

ஆனால் பொங்கலுக்குத் தாத்தா உள்ளங்கையில் வைத்து மூடும் நோட்டு வேறு. அதை யாரும் எழுதி வைப்பதில்லை. நீங்கள் மாமா பிள்ளைக்கு 500 கொடுத்தது உங்களுக்கும் மாமாவுக்கும் உள்ள விவகாரம், அதில் உங்கள் பையன் எங்கே வந்தான்? காலில் விழுந்தது அவன்தானே.

யாழ்ப்பாணத்தான்:
எங்கட பக்கம் சித்திரை வருஷப்பிறப்புக்குக் கைவிசேஷம் என்று பெரியவர்கள் காசு தருவார்கள். அதற்குப் பஞ்சாங்கத்தில் நேரமே போட்டிருக்கும். அப்பா வெற்றிலையில் வைத்துத் தரும் தாளை மட்டும் நாங்கள் செலவழிக்க மாட்டோம், சாமிப் படத்துக்குப் பின்னால் போய்விடும். மற்றவர்கள் தந்ததெல்லாம் அன்று பின்னேரமே ஐஸ்கிரீமாகக் கரைந்துவிடும். வீட்டில் ஒருவரும் கணக்குக் கேட்டதில்லை.

செல்வமகள் அம்மா:
என் பாட்டையும் கேளுங்கள். 2016 தீபாவளி அக்டோபர் 29. அப்போது மகளுக்கு 5 வயது, வந்ததெல்லாம் 500 ரூபாய்த் தாள்கள், எல்லாம் மண் உண்டியலுக்குள். பத்து நாள் கழித்து, நவம்பர் 8 ராத்திரி, 500-ம் 1000-மும் செல்லாது என்று டிவியில் சொன்னார்கள். உண்டியலை உடைத்தபோது அவள் அழுத அழுகை! என் அப்பா அந்தத் தாள்களோடு பேங்க் வரிசையில் பாதி நாள் நின்றார்.

அதற்குப் பிறகு பயந்துபோய் எல்லாக் காசையும் பெண் பிள்ளைகளுக்கான அரசின் செல்வமகள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். நல்ல திட்டம்தான், 2024 ஜனவரியிலிருந்து வட்டி 8.2 சதவீதம். ஆனால் அவள் 18 வயதைத் தொடும் வரை, இல்லாவிட்டால் பத்தாவது பாஸ் பண்ணும் வரை, அதில் கை வைக்க முடியாது. 12 வயதில் "என் காசு எங்கேம்மா?" என்று கேட்டாள். பாஸ்புக்கைக் காட்டினேன். "இது நீங்க எனக்காகச் சேக்கிற காசு, என் காசு எங்கே?" என்று திரும்பக் கேட்டாள். பதில் இல்லை என்னிடம். எல்லாவற்றையும் பூட்டிவிடாதீர்கள்.

(உண்டியலில் 10 ரூபாய் நாணயம் சேர்ந்திருந்தால், கடைக்காரர் வாங்க மறுத்தாலும் கவலை வேண்டாம், அது செல்லும். வங்கியில் கொடுங்கள்.)

தெருமுனை பேட்ஸ்மேன்:
மட்டையை வாங்கிக் கொடுங்கள்! ஆனால் பையன் எந்தப் பந்தில் விளையாடுகிறான் என்று கேளுங்கள். தெருவில் டென்னிஸ் பந்து என்றால் 2,800 ரூபாய் மட்டை தண்டம். லெதர் பந்துக்கான மட்டை கனமாக இருக்கும், சுழற்றவே கஷ்டப்படுவான். டென்னிஸ் பந்துக்கென்றே லேசான மட்டை பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கும். நீங்களாக வாங்கி வராமல், மூன்று கடை ஏறி இறங்கி அவனே விலை கேட்கட்டும். நான் 12 வயதில் மொத்தக் காசுக்கும் ரிமோட் கார் வாங்கி மூன்றாம் நாளே உடைத்தவன், அடுத்த வருஷம் கடைவாசலில் அரை மணி நேரம் நின்று யோசித்தேன்.

இரண்டு பிள்ளைத் தாய்:
எல்லாருக்கும் நன்றி. பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. டென்னிஸ் பந்துதான் என்று சொன்னான், 950 ரூபாய்க்கு மட்டை வாங்கியாகிவிட்டது. பழைய பாக்கியில் 2,000 கொடுத்தேன், இந்த மாதம் அவ்வளவுதான் முடிந்தது. தபால் நிலையத்தில் 5,000 போட்டான். முந்தின ராத்திரி ஒரு பக்கம் முழுக்கக் கையெழுத்துப் பழகியும் அங்கே போய் இரண்டு இடத்தில் இரண்டு விதமாகப் போட, மறுபடி போடச் சொன்னார்கள். மீதி 400 பாட்டிலில். மாமியார் இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் இருக்கிறார், ஆனால் பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தார்.

கணக்கு நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். 3,200-ஐ அடித்துவிட்டு, கீழே "அம்மா 1,200 பாக்கி" என்று எழுதியிருக்கிறான்.