திரி வைத்த தொட்டியில் நீர் மேலே ஏறவில்லை: ஆலோசனை தேவை

கேள்வி (தருமபுரி)

வணக்கம். மாடியில் புதினா, மிளகாய், தக்காளி ஆகியவற்றைத் திரிப் பாசனத் தொட்டிகளில் வளர்த்து வருகிறேன். ஒரு பெயிண்ட் வாளிக்குள் இன்னொன்றைச் செருகி, கீழ்வாளியில் நீரும் மேல்வாளியில் மண்கலவையும் இருக்குமாறு அமைத்து, மேல்வாளியின் அடித்துளை வழியாகச் சுண்டுவிரல் பருமனுள்ள பச்சைப் பிளாஸ்டிக் கயிற்றைத் திரியாகத் தொங்கவிட்டிருக்கிறேன். வடிகாலுக்காக அடியில் நான்கு விரற்கடை உயரம் ஜல்லி பரப்பி, அதன்மேல் கோகோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) மண்புழு உரமும் கலந்து நிரப்பியுள்ளேன்.

கீழே ஊற்றிய நீர் அப்படியே நிற்க, மேலே கலவை காய்ந்து வாளியின் ஓரத்தை விட்டு விலகிவிட்டது. கயிறு போதாததால் பழைய வேட்டியைக் கிழித்துத் திரியாக்கிய புதினாத் தொட்டியில் மட்டும் ஈரம் ஏறுகிறது. ஆனால் அதன் மேற்பரப்பில் வெள்ளையாக உப்புப் பூத்து, இலை நுனிகள் கருகுகின்றன. வீட்டு ஆர்ஓ இயந்திரத்தின் கழிவுநீரை வீணாக்க மனமின்றி அதையே ஊற்றி வருகிறேன். இன்னும் தடிமனான கயிறு வாங்கினால் சரியாகுமா?

பதில் (ஓசூர், நாற்றங்கால் வைத்திருப்பவர்)

தடிமன் காரணமன்று, ஐயா. கடைகளில் நைலான் என்று கேட்டு வாங்கும் பச்சை, நீலக் கயிறுகளில் பெரும்பாலானவை வழவழப்பான பிளாஸ்டிக் இழைகளால் முறுக்கப்பட்டவை. அந்த இழை நீரை ஒட்டவிடாது என்பதால் எத்தனை பருமனாக இருந்தாலும் நீர் ஏறாது. உங்கள் வேட்டித் துண்டு வேலை செய்வதற்குக் காரணம், பருத்தியின் நுண்ணிய இழைகளுக்கு இடையேயுள்ள சந்துகளில் நீர் தானாகவே மேலேறுவதுதான். ஆனால் பருத்தி ஈர மண்ணில் சில மாதங்களில் மட்கிவிடும். பின்னலாக வரும் பாலியஸ்டர் கயிறோ, ஸ்வெட்டர் பின்னும் அக்ரிலிக் நூலைப் பல புரிகளாகச் சேர்த்துத் திரித்ததோ நெடுநாள் உழைக்கும். புதுக் கயிற்றில் ஆலையில் பூசிய எண்ணெய்ப் பசை இருக்குமாதலால், சோப்பு கலந்த வெந்நீரில் அலசிய பிறகே பயன்படுத்துங்கள்.

வாங்குமுன் ஒரு முழத் துண்டைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு, அதன் நுனி மட்டும் மை கலந்த நீரில் படும்படி ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். மை ஒரு சாண் உயரமாவது ஏறாத கயிற்றை வாங்க வேண்டாம்.

அடுத்தது ஜல்லி. மண்ணின் ஈரம் பெரிய கற்களின் இடைவெளியைத் தாண்டி மேலேறாது. திரியின் மேல்நுனி ஜல்லிக்குள்ளேயே நின்றுவிட்டால் எந்தத் திரியும் பயன்படாது. எனவே ஜல்லியை முழுவதுமாக எடுத்துவிட்டு, திரியைக் கலவையின் பாதி உயரத்துக்கு ஏற்றி, நுனியைப் பிரித்து விரித்துப் புதையுங்கள். ஒருமுறை நன்கு காய்ந்து சுருங்கிய கலவைக்குள் திரியின் ஈரம் எளிதில் பரவாது. ஆகவே திரியையும் நனைத்து, கலவையின் மேலிருந்தும் அடித்துளையில் சொட்டும் வரை நீரூற்றிய பிறகுதான் தொட்டியைத் திரியின் பொறுப்பில் விட வேண்டும்.

பதில் (கிருஷ்ணகிரி)

உப்பைப் பற்றி நான் சொல்கிறேன். திரிப் பாசனத்தில் நீர் கீழிருந்து மேல்நோக்கி மட்டுமே செல்கிறது. மேற்பரப்பில் நீர் ஆவியாக, அதில் கரைந்திருந்த உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. ஆர்ஓ இயந்திரம் குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பு முழுவதும் கழிவுநீரில்தான் சேருகிறது. நம் இரு மாவட்டங்களிலும் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் இருக்கும் ஃபுளோரைடும் அதில் செறிந்துவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இந்த ஃபுளோரைடு பாதிப்பைக் குறைப்பதற்காகத்தான். அந்தக் கழிவுநீரைத் தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் வைத்துக்கொண்டு, தொட்டிகளுக்குக் குழாய்க் காவிரி நீரையோ மழைநீரையோ ஊற்றுங்கள். வெள்ளைப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, மாதம் ஒருமுறை மேலிருந்து தாராளமாக நீரூற்றி, கீழே வடிந்து சேர்வதைக் கொட்டிவிட வேண்டும். கடையில் வாங்கும் கோகோபீட்டிலும் உப்பு இருக்கும் என்பதால், கலப்பதற்கு முன்பே அதை அலசிப் பிழிவது அவசியம்.

கேட்டவர் (சில வாரங்களுக்குப் பிறகு)

இருவருக்கும் நன்றி. பச்சைக் கயிற்றில் மை நுனியைத் தாண்டவே இல்லை. பின்னல் பாலியஸ்டர் கயிற்றில் ஒரு சாணுக்கு மேல் ஏறியது. மிளகாய்த் தொட்டி இப்போது சீராக ஈரமாக இருக்கிறது, புதினாவும் புதுத் துளிர் விடுகிறது. ஆனால் தக்காளி மட்டும் நண்பகலில் வாடி, மாலையில்தான் நிமிர்கிறது. கூடுதலாக ஒரு திரி வைக்கலாமா?

பதில் (ஓசூர்)

வைக்கலாம், ஓரளவு உதவும். ஆனால் காய் பிடித்த தக்காளிச் செடி கோடைநாளில் இரண்டு லிட்டருக்கு மேலும் நீர் குடிக்கக்கூடும். கீழ்வாளியில் நீர்மட்டம் இறங்க இறங்கத் திரி ஏற்ற வேண்டிய உயரமும் கூடுவதால் வேகம் குறைந்துகொண்டே போகும். தருமபுரி வெயிலுக்குத் தக்காளியைத் திரியை மட்டும் நம்பி விடுவது சரிவராது என்பது என் கருத்து. காலையில் மேலிருந்தும் ஒரு குவளை நீர் விட்டு, நண்பகலில் நிழல்வலை கட்டுங்கள். கீரை, புதினா, கொத்தமல்லிக்கே திரிப் பாசனம் முழுமையாகப் பொருந்தும்.

இன்னொன்றும் உண்டு. இரு வாளிகளுக்கும் இடையிலுள்ள விளிம்பு இடைவெளியைத் துணியால் சுற்றிக் கட்டுங்கள். நின்ற தெளிந்த நீரில் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிடும். ஆனால் காற்றுப் புகாதபடி டேப் ஒட்டி அடைத்துவிடாதீர்கள். நீர் குறையும் அளவுக்குக் காற்று உள்ளே வராவிட்டால் நீர் ஏறுவது தடைபடும்.