புதுப்பிப்பு: 'பூதாசஃப்', 'யூதாசஃப்' பெயர்ச் சிக்கல் தீர்ந்தது

புத்தரின் வாழ்க்கைக் கதை அரபு, ஜார்ஜிய மொழிகள் வழியாக 11ஆம் நூற்றாண்டில் கிரேக்கத்தையும் லத்தீனையும் அடைந்து, பர்லாம், யோசபாத் என்னும் கிறித்துவத் துறவியரின் கதையாக மாறியதைக் கணினி ஒப்பீட்டால் தொடர முயல்வதாக முந்தைய இழையில் எழுதியிருந்தேன். ஞானம் பெறுமுன் புத்தரைக் குறிக்கும் 'போதிசத்துவர்' என்பதன் திரிபான 'பூதாசஃப்', பிற்கால 'யூதாசஃப்' ஆகிய இரண்டையும் நிரல் வெவ்வேறு ஆட்களாகக் கணக்கிட்டதே அன்றைய சிக்கல்.

ஒலிபெயர்த்த வடிவத்தை ஒப்பிட்டதுதான் என் பிழை. அரபியில் சொல்லின் தொடக்கத்தில் வரும் பகரத்துக்குக் கீழே ஒரு புள்ளி, யகரத்துக்கு இரண்டு. மற்றபடி இரண்டின் கோட்டுருவமும் (புள்ளிகள் இல்லாத எழுத்து வடிவம்) ஒன்றே. பழைய கையெழுத்துப் படிகளில் புள்ளிகள் அடிக்கடி விடுபடுவதால், அவற்றை நீக்கிவிட்டுக் கோட்டுருவத்தை மட்டும் ஒப்பிடச் செய்தேன். இரு பெயர்களும் உடனே ஒன்றுசேர்ந்தன. பகரத்தை யகரமாக்கிய அந்த ஒற்றைப் புள்ளிதான் 'யோசபாத்' வரை பயணித்திருக்கிறது என்பதைத் திரையில் கண்டபோது மெய்சிலிர்த்தது.

தகரமும் நகரமும்கூடச் சொல்லின் தொடக்கத்தில் அதே உருவம் பெறுவதால், வேறு சொற்களும் தவறாக ஒன்றுசேரக்கூடும்; எனவே இம்முறையைச் சிறப்புப் பெயர்களுக்கு மட்டுமே பயன்படுத்துகிறேன். இக்கதையில் வரும், கிணற்றில் தொங்கும் மனிதனின் உவமையில் துரத்தும் யானை மேற்கே ஒற்றைக்கொம்பு விலங்காக மாறியதை எழுத்தொப்பீடு பிடிக்காது. அதற்கு நிகழ்ச்சிகளின் வரிசையைக் குறியிட்டு வருகிறேன்.