துரு ஏறிய பெட்ரோல் டேங்க்: அவரவர் அனுபவம்

ஆர்எக்ஸ் 100, 1991 மாடல், வேளச்சேரி

2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் நின்ற வண்டிகளில் பெரும்பாலானவை கைப்பிடி வரை மூழ்கின. மாமாவின் ஆர்எக்ஸ் 100-உம் அதில் ஒன்று. தண்ணீர் வடிந்தபின் எஞ்சினைப் பிரித்துத் துடைத்து ஓட வைத்தார்கள். டேங்குக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. மூடியில் காற்று போய்வர ஒரு நுண்துளை உண்டு. வெள்ளத்துக்கு அது போதும். பெட்ரோலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் உள்ளே போனது அடியில் தங்கிவிட்டது. மேலே பெட்ரோல் நின்றதால் அது ஆவியாகிப் போகவும் வழியில்லை.

வண்டி என் கைக்கு வந்தபோது காலையில் ஒரே உதையில் கிளம்பும். மேம்பாலம் ஏறும்போது திணறி நின்றுவிடும். பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றி, பெட்ரோல் வரும் நுண்துளையான ஜெட்டை ஊதிக் கொடுப்பார்கள். சில நாள் ஓடும், மறுபடி அதே கதை. கார்புரேட்டரின் கிண்ணத்தைத் திறந்தால் அடியில் மிளகாய்த்தூள் போலச் செம்பழுப்புப் பொடி படிந்திருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் ஜெட்டை மட்டும் ஊதுவது எனக்கு விளங்கவே இல்லை. டேங்க் வாயில் கைப்பேசி விளக்கைக் காட்டினாலே பதில் தெரிந்துவிடும்.

முதலில் டேங்கின் அடியில் பெட்ரோலைத் திறந்து மூடும் குழாயை, அதாவது பெட்ரோல் காக்கைக் கழற்றுங்கள். அதன் உடல் ஈயமோ இரும்போ அல்ல. துத்தநாக, அலுமினியக் கலவை. அமிலத்தில் ஊறினால் அரித்துவிடும். அந்த இடத்தை ஒரு தகடும் ரப்பரும் வைத்து இறுக்கி மூட வேண்டும். உள்ளே நட்டு, போல்ட் போட்டுக் குலுக்கச் சொல்வார்கள். நான் பழைய சைக்கிள் செயின் போட்டேன். நட்டு என்றால் ஒன்று மூலையில் சிக்கிக்கொண்டு ஆயுள் முழுக்கக் கடகடக்கும். செயின் ஒரே இழுப்பில் வெளியே வந்துவிடும். பெயிண்ட் கெடாமல் இருக்க டேங்கைப் பழைய மெத்தையில் சுற்றிக் கட்டி, கட்டட வேலை செய்யும் நண்பர் ஒருவரின் கலவை இயந்திரத்தோடு சேர்த்துக் கட்டிச் சுழலவிட்டோம். தெருவே வேடிக்கை பார்த்தது.

உதிர்ந்ததைக் கொட்டியபின் சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கொடுப்பார்கள். லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் வரை, வெந்நீரில் கரைத்தால் வேலை வேகமாக நடக்கும். கழுத்து வரை நிரப்புங்கள். அரை டேங்க் ஊற்றினால் மேல்கூரைத் துரு அப்படியே இருக்கும். இரவு முழுக்க ஊறியபின் தண்ணீர் பச்சையும் கறுப்புமாக வெளியே வந்தது, உள்ளே சாம்பல் நிறத்தில் சுத்தமான தகடு.

இதற்குப் பிறகுள்ள அரை மணி நேரம்தான் முக்கியம். ஈரமான வெறும் இரும்பு, கண்ணெதிரே மறுபடி ஆரஞ்சு நிறமாகும். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசி, உடனே சூடான காற்றடித்து உலர்த்தி, பெட்ரோலில் டூ ஸ்ட்ரோக் ஆயிலைத் தாராளமாகக் கலந்து உள்ளே ஊற்றி எல்லாப் பக்கமும் உருட்ட வேண்டும். மழைக்காலத்தில் சென்னையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். சித்திரை வெயில் பாதி வேலையை இலவசமாகச் செய்துகொடுக்கும்.

யெஸ்டி ரோடுகிங், சேலம்

மேலே எழுதிய நண்பருக்கு ஒரு சேர்க்கை. ஆர்எக்ஸில் ஆயிலுக்குத் தனி டேங்க். யெஸ்டியிலும் ராஜ்தூத்திலும் ஆயிலைப் பெட்ரோலோடு கலந்தே ஊற்றுவோம். பல வருடம் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, ஆயில் பிசினாகத் துருவின் மேல் படிந்திருக்கும். அதன் மேல் எந்த அமிலத்தை ஊற்றினாலும் வழுக்கிக்கொண்டு போகும். மண்ணெண்ணெய் அல்லது டீசல் ஊற்றி ஊற வைத்து, பிறகு சோப்புத்தூள் கரைத்த வெந்நீரில் கழுவி, தண்ணீர் தகட்டில் திட்டுத்திட்டாக நிற்காமல் பரவலாக ஓடுகிறதா என்று பாருங்கள். அப்போதுதான் அமிலத்துக்கு நேரம் வந்திருக்கிறது.

புளியைக் கரைத்து ஊற்றலாம் என்று என் பெரியப்பா சொல்வார். பித்தளைப் பாத்திரத்துக்குப் பழகிய கை. புளியில் டார்ட்டாரிக் அமிலம் உண்டு, துருவையும் தின்னும், பொய்யில்லை. ஆனால் சக்கை, டேங்கின் தகடுகள் சேரும் தையலில் ஒட்டிக்கொண்டால் யார் எடுப்பது? புளி குழம்புக்கே இருக்கட்டும்.

கழிவறை கழுவும் ஆசிட் வேண்டவே வேண்டாம். துருவோடு நல்ல தகட்டையும் தின்னும். அதன் புகை பட்டால் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஸ்பேனர்கள்கூடத் துருப்பிடிக்கும்.

புல்லட் 350, நாகப்பட்டினம்

கடற்கரை ஊர். இங்கே துரு வெளியிலிருந்தும் வரும், உள்ளிருந்தும் வரும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், டேங்கில் கை வைக்கும் முன் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.

கழுவுவதற்கு முன் ஒரு சொட்டுக்கூட ஒழுகாத டேங்க். சிட்ரிக் அமிலம் ஊற்றி மறுநாள் பார்த்தால் தரையெல்லாம் ஈரம். அடிப்பக்கத் தையல் ஓரத்தில், சேஸிஸ் குழாய் மேல் டேங்க் உட்காரும் பள்ளத்துக்கு இருபுறமும், ஊசித்துளைகள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் இடது பக்கத்தில்தான் அதிகம்; தண்ணீர் எங்கே தேங்குமோ அங்கே. இத்தனை நாள் துருதான் ஓட்டையை அடைத்து வைத்திருந்தது! எனவே முதலில் ஒரு பழைய ஸ்க்ரூட்ரைவரின் மழுங்கிய பிடியால் அடிப்பக்கம் முழுக்கத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் தகடு இருக்கிறது. சத்தம் மந்தமாக இருந்தால், ஒட்டு வேலைக்கு ஆள் பார்த்துவிட்டு அமிலத்தை வாங்குங்கள்.

ஊசித்துளைக்கு வெல்டிங் தேவையில்லை. தகடு மெல்லியது, ஆர்க் வைத்தால் ஒரு துளை நாலாகும். ரேடியேட்டர் பட்டறையில் ஈயப்பற்று வைக்கும் பெரியவர் ஒருவர் எனக்குச் செய்துகொடுத்தார். துளை பெரிதென்றால் கேஸில் பித்தளை ஒட்டு. எதுவானாலும், காலி டேங்க் என்று அலட்சியமாக நெருப்பருகே கொண்டுபோகாதீர்கள். எரிவது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. காற்றில் ஒன்றரை சதவீத அளவுக்கு ஆவி கலந்தாலே பற்றிக்கொள்ளும். காலி டேங்கில்தான் அந்தக் கலவை கச்சிதமாக அமையும். வாசனை போய்விட்டது என்பது சான்றல்ல; தையல் மடிப்பிலும் துருவிலும் ஒளிந்திருக்கும் பெட்ரோல், சூடு பட்டதும் ஆவியாகும். அந்தப் பெரியவர் நான் கழுவிக் கொண்டுபோனதை நம்பாமல், தானே சோப்பு வெந்நீரில் பல தடவை கழுவி, ஒட்டும் இடம் மட்டும் வெளியே தெரியும்படி தண்ணீர் நிரப்பிய பிறகே நெருப்பைத் தொட்டார். இந்த வேலையில் பழக்கமில்லாத பட்டறை எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

ராஜ்தூத் 175, விழுப்புரம்

வழியில் ஒழுகினால் துணி சோப்புக் கட்டியை ஈரமில்லாமல் தேய்த்து அழுத்துங்கள். சோப்பு பெட்ரோலில் கரையாது. வீடு வரை தாங்கும், மழை வராத வரை.

புல்லட் 350, கோயம்புத்தூர்

பாலிடெக்னிக்கில் பாடம் நடத்துகிறவன் என்பதால் மின்சாரம் பாய்ச்சித் துருவை எடுக்கும் மின்பகுப்பு பற்றி நான்தான் எழுத வேண்டும் போலிருக்கிறது. அமிலம் போலல்லாமல், இது நல்ல இரும்பைத் தொடாது. டேங்கில் சலவை சோடா கரைத்த தண்ணீர், வாயிலிருந்து ரப்பர் மூடி வழியாக உள்ளே தொங்கும் ஒரு இரும்புக் கம்பி, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகட்டிவ் டேங்குக்கு, பாசிட்டிவ் கம்பிக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்க் கரையும். கம்பி உள்ளே எங்கும் தொடக்கூடாது. எவர்சில்வர் கம்பி வேண்டாம். அதிலுள்ள குரோமியம் நச்சாகத் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வெளியேறும், எனவே திறந்த வெளியில் செய்யுங்கள், கிளிப்பைக் கழற்றும் முன் சுவிட்சை அணையுங்கள். குறை ஒன்று உண்டு: கம்பிக்கு நேரே தெரியும் இடம்தான் நன்றாகச் சுத்தமாகும். பள்ளத்தின் மறுபுறத்துக்குக் கம்பியை வளைத்து மறுபடி வைக்க வேண்டும்.

பெயிண்ட் மேல் ஒரு சொட்டும் சிந்தாமல் இருக்க வெளிப்பக்கம் முழுக்கக் கிரீஸ் பூசுங்கள். புல்லட் டேங்கின் தங்கக் கோடு ஆலையில் கையால் வரைவது. போனால் அதே கை திரும்பக் கிடைக்காது.

ஆர்எக்ஸ் 100, 1991 மாடல், வேளச்சேரி

மறுபடி துரு வராமல் டேங்குக்குள் உள்பூச்சு அடிக்கலாமா என்று தனியாகக் கேட்ட அன்பர்களுக்கு: எனக்கு அதில் விருப்பமில்லை. துரு மிச்சமிருக்கும் இடத்தில் பூசிய எபாக்ஸி பிற்பாடு தோலாக உரிந்து பெட்ரோல் காக்கை அடைக்கும். அதை எடுப்பது துருவை எடுப்பதைவிடக் கொடுமை. மேலும் 2023 முதல் எத்தனால் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய பூச்சுகள் சிலவற்றை இளக்கவும் செய்யும். நாகை அண்ணன் சொன்னது போலத் துளைகள் நிறைய இருந்தால், எத்தனால் தாங்கும் என்று எழுதியுள்ள பூச்சாகப் பார்த்து வாங்குங்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் மாற்று டேங்க் தேடுகிறவர்களும் வாங்கும் முன் உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். வெளியே புதுப் பெயிண்ட் மின்னும் டேங்கில்தான் உள்ளே சந்தேகம் அதிகம்.

நான் வண்டியை ஓட்டாமல் நிறுத்தும்போது டேங்கை நிரப்பி வைக்கிறேன், காலி இடம் குறைந்தால் உள்ளே வேர்க்கும் ஈரமும் குறையும். மூடியின் ரப்பர் வாஷர் கல்லாக இறுகியிருந்தது, மாற்றினேன். டேங்கோடு சமமாக அமைந்த மூடி உள்ள வண்டி வைத்திருப்பவர்கள், மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் மழைநீர் வடியும் சிறு துளையில் மெல்லிய கம்பியை விட்டுப் பாருங்கள். மண் அடைத்திருந்தால் தேங்கும் மழையெல்லாம், மூடியைத் திறந்ததும் நேரே உள்ளேதான் போகும்.