மிளகாய்க் கன்றைக் காப்பாற்றியது புளித்த மோரா, மழையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

உப்புவெளி_வளவு:
வீட்டு வளவில் இருபது மிளகாய்க் கன்று நிற்கிறது. போன வருடம் கச்சான் என்ற வறண்ட சூட்டுக் காற்று அடித்த நாட்களில் இலையெல்லாம் ஓடம் மாதிரி மேல்நோக்கிச் சுருண்டுவிட்டது. அம்மா யாரோ சொன்னதைக் கேட்டுப் புளித்த மோரைத் தண்ணீரில் கரைத்துத் தெளித்தார், கொஞ்ச நாளில் புதுத் தளிர் நேராக வந்தது. இந்த முறையும் சுருளத் தொடங்கிவிட்டது, மோரும் தயார். ஆனால் தரம் 10 படிக்கும் தங்கை, போன முறை அதே கிழமை மழையும் பெய்தது, மோர்தான் என்று எப்படிச் சொல்வீர்கள் என்று விடாமல் கேட்கிறாள். கருதுகோள், பரிசோதனை, முடிவு என்று நாங்களும் பாடமாக்கியதுதானே, அதை வளவுக்குள் எப்படிச் செய்வது? அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்கிறார், அதனால் உண்மை தெரிய வேண்டும்.

கிண்ணியா_விஞ்ஞானம்:
தங்கை கேட்டது மிகச் சரியான கேள்வி தம்பி. ஒன்றுக்குப் பின் ஒன்று நடந்தது என்பதற்காக முதலாவதுதான் காரணம் என்று ஆகாது. 1747 இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் வைத்தியர் இதைத்தான் யோசித்தார். பல் ஈறு வீங்கி இரத்தம் வடியும் ஸ்கர்வி நோய்க்கு ஆளாளுக்கு ஒரு மருந்து சொன்ன காலம். அவர் ஒரே மாதிரி நோய் முற்றிய 12 மாலுமிகளை எடுத்து, ஒரே சாப்பாடு கொடுத்து, இரண்டு இரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்தார். தோடம்பழமும் எலுமிச்சையும் தின்ற இருவர்தான் விரைவாகத் தேறினார்கள். மற்றப் பத்துப் பேர் இல்லாவிட்டால் அந்த இருவர் தேறியதற்கு அர்த்தமே இல்லை. அப்படியிருந்தும் பிரித்தானியக் கடற்படை எலுமிச்சைச் சாற்றை எல்லாருக்கும் கொடுக்க உத்தரவிட்டது 1795 இல்தான், ஒல்லாந்தரிடமிருந்து நம் திருகோணமலையைப் பிடித்த அதே வருடம்.

ஆகவே எல்லாக் கன்றுக்கும் தெளிக்காதீர்கள், பாதியை விடுங்கள்.

நிலாவெளி_தோட்டம்:
பாதி விட்டாலும் போதாது. வெறும் தண்ணீரை வேகமாக அடித்தாலே இலையில் இருக்கும் பூச்சி கொஞ்சம் கழுவுப்பட்டுப் போகும், மழை செய்வதும் அதைத்தான். அதனால் மூன்றாகப் பிரியுங்கள்: மோர்க் கரைசல், அதே அளவு வெறும் தண்ணீர், ஒன்றும் இல்லை. மோரும் தண்ணீரும் ஒரே அளவுக்குப் பலன் தந்தால் மோருக்கு வேலை இல்லை. கிணற்றடிப் பக்கம் எல்லாம் மோர், மதில் நிழலில் எல்லாம் தண்ணீர் என்று வைத்துவிடாதீர்கள், மாறி மாறி வரட்டும். கன்றில் நிற நூல் கட்டி, எந்த நிறம் எது என்று தெரியாத ஒருவரிடம் சுருண்ட தளிரை எண்ணச் சொல்லுங்கள். தெளித்தவர் எண்ணினால் கண் தனக்கு வேண்டியதைத்தான் பார்க்கும்.

அப்புறம், எதையும் தெளிக்குமுன் தளிரைத் திருப்பிப் பாருங்கள். மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் பனிப்பூச்சி (திரிப்ஸ் என்ற சிறு பூச்சி), கீழ்நோக்கி என்றால் சிற்றுண்ணி. வெண் ஈ கொண்டுவரும் வைரஸ் என்றால் மோரும் இல்லை, மழையும் இல்லை, அந்தக் கன்றைப் பிடுங்கத்தான் வேண்டும். வெவ்வேறு காரணத்தால் சுருண்ட கன்றுகளைக் கலந்துவிட்டால் என்ன எண்ணியும் பயனில்லை. சந்தேகம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துக் கேளுங்கள்.

உப்புவெளி_வளவு:
நன்றி அக்கா, நன்றி சேர். தங்கை ஏற்கெனவே நூல் வெட்டுகிறாள். ஒரு சிக்கல்: கண்ணெதிரே கன்று வாட விட்டுப் பார்க்க அம்மா சம்மதிக்கவே மாட்டார்.

கிண்ணியா_விஞ்ஞானம்:
விட வேண்டாம், பிந்திக் கொடுங்கள். முதல் பத்து நாள் மோர் ஒரு பிரிவுக்கு மட்டும், பிறகு எல்லாவற்றுக்கும். அந்தப் பத்து நாள் வித்தியாசமே நிறையச் சொல்லும். என்ன நடந்தால் "மோர் இல்லை" என்று ஒத்துக்கொள்வார் என்று அம்மாவிடம் இன்றைக்கே கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள், தங்கையும் தன் பக்கத்தை எழுதட்டும். நடுவில் மழை பெய்தால் அந்தத் திகதியையும் குறியுங்கள். இருபது கன்று குறைவுதான், பக்கத்து வீட்டாரும் சேர்ந்து செய்தால் இன்னும் நம்பலாம்.