தரம் பிரித்த பிறகு சாகும் மீன்கள்: தீவனத்தில் எதைச் சேர்த்தால் பலன் உண்டு?

குளக்கரை:

வணக்கம். குளத்தில் திலேப்பியா வளர்க்கிறேன். வளர்ச்சியில் குறை சொல்ல ஒன்றும் இல்லை, போடுகிற தீவனத்தை நன்றாகவே எடுக்கிறது. சிக்கல் எல்லாம் வலை இழுத்துப் பெரியது சிறியது என்று பிரித்து வேறு குளத்துக்கு மாற்றும்போதுதான். மாற்றிய அன்று சுறுசுறுப்பாக ஓடும், சரி தப்பித்தோம் என்று நினைத்தால் இரண்டு மூன்று நாள் கழித்து ஒவ்வொன்றாக மிதக்க ஆரம்பிக்கும். எடுத்துப் பார்த்தால் செதில் உதிர்ந்த இடத்தில் சிவந்திருக்கும், வால் நுனி அரித்தது போல இருக்கும். அந்த நாட்களில் மற்ற மீன்களும் தீவனத்தைச் சரியாகத் தொடுவதில்லை.

கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒருவர் வைட்டமின் சி, ஒருவர் புரோபயாடிக், இன்னொருவர் ஈஸ்ட்டிலிருந்து எடுத்த பீட்டா குளுக்கான், அப்புறம் செலினியம், நியூக்ளியோடைடு, கல்லீரல் டானிக் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. எல்லாப் பையிலும் "எதிர்ப்புச் சக்தி கூடும், அழுத்தம் தாங்கும்" என்றுதான் அச்சடித்திருக்கிறது. இதில் உண்மையிலேயே வேலை செய்வது எது? எல்லாவற்றையும் கலந்து கொடுத்தால் தப்பா? எப்போது ஆரம்பிப்பது, பிரித்து முடித்ததும் கொடுத்தால் போதுமா?

செவுள்:

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், மற்றதெல்லாம் அதை ஒட்டித்தான். பிரித்து முடித்த பிறகு கொடுப்பதில் பெரிய பலன் இல்லை. அழுத்தம் வந்த மீன் முதலில் விடுவதே தீவனத்தைத்தான், நீங்களே அதைப் பார்த்திருக்கிறீர்கள். சாப்பிடாத மீனுக்குள் சத்து எப்படிப் போகும்? சாப்பிடுகிற மீன் நன்றாக இருக்கிற மீன், அதற்கு அவசரமும் இல்லை.

உள்ளே நடப்பது இதுதான். வலைக்குள் நெருக்கப்பட்ட சில நிமிடங்களிலேயே இரத்தத்தில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோன் ஏறத் தொடங்கிவிடும். நமக்கு இருப்பது போலத் தனி அட்ரினல் சுரப்பி மீனுக்குக் கிடையாது. தலைச் சிறுநீரகம் என்ற பகுதியில் உள்ள செல்கள்தான் அதைச் சுரக்கின்றன. எதிர்ப்பு அணுக்கள் உருவாகிற முக்கியமான இடமும் அதுவேதான். கார்டிசால் கொஞ்ச நேரம் ஏறி இறங்கினால் நல்லது, இரத்தத்தில் சர்க்கரையை விட்டு மீனுக்குத் தெம்பு தரும். நாள் கணக்கில் இறங்காமல் நின்றால் எதிர்ப்பு அணுக்கள் குறையும், பசி போகும். அந்த நேரம் பார்த்து, செதிலும் சளிப் படலமும் போன இடத்தில், குளத்துத் தண்ணீரில் எப்போதும் இருக்கிற ஏரோமோனாஸ் போன்ற பாக்டீரியா நுழையும். சாவு அன்றைக்கே வராமல் பிந்தி வருவது அதனால்தான். உங்கள் அறிகுறிகள் இதற்குப் பொருந்துகின்றன, ஆனாலும் உயிர் ஊசலாடுகிற மீன் ஒன்றிரண்டை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். தண்ணீர் சூடாக இருக்கிற காலத்தில் திலேப்பியாவுக்கு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியா நோயும் வரும், அதை வைட்டமின் கொடுத்து விரட்ட முடியாது.

இன்னொன்று உப்பு. நன்னீர் மீனின் இரத்தத்தில் உப்பின் அளவு லிட்டருக்கு 9 கிராம் வாக்கில் இருக்கும், சுற்றியுள்ள தண்ணீரில் அதில் மிகச் சிறு பங்குதான் இருக்கும். அழுத்தம் வரும்போது செவுள் வழியாக உப்பு வெளியே கசியும், தண்ணீர் உள்ளே ஏறும். மாற்றும் தொட்டியில் லிட்டருக்கு 3 முதல் 5 கிராம் சாதாரண உப்பு போட்டால் அந்த இழப்பு குறையும். நீங்கள் கேட்டது தீவனத்தைப் பற்றி, தெரியும், ஆனால் இதைச் சொல்லாமல் பீட்டா குளுக்கான் பற்றிப் பேச எனக்கு மனசு வரவில்லை. பிரிப்பதற்கு முந்தைய நாள் தீவனத்தை நிறுத்துகிறீர்களா? வயிறு நிறைந்த மீனுக்கு ஆக்ஸிஜன் அதிகம் வேண்டும், நெருக்கத்தில் கழிவும் அமோனியாவும் கூடும்.

தீவனத்தொட்டி:

செவுள் சொன்ன நேரக் கணக்கை அப்படியே வழிமொழிகிறேன். தீவன உற்பத்தியில் இருப்பவன் என்பதால் பைகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

உங்கள் பட்டியலில் எனக்கு அதிகம் நம்பிக்கை இருப்பது வைட்டமின் சி மேல். பெரும்பாலான வளர்ப்பு மீன்களால் அதை உடம்புக்குள் செய்துகொள்ள முடியாது, கடைசிப் படிக்கான நொதி அவற்றுக்கு இல்லை, ஆகவே தீவனத்தில் வந்தால்தான் உண்டு. கொலாஜன் உருவாக அது தேவை, அதாவது தோல் புண் ஆற. குறைந்தால் புண் ஆறாது, குஞ்சுகளுக்கு முதுகெலும்பு வளையும். இயல்பாக வளர்வதற்குப் பல இனங்களுக்குக் கிலோ தீவனத்தில் 50 மில்லிகிராம் இருந்தாலே போதும். அழுத்தத்துக்காகச் செய்த சோதனைகளில் சில நூறு மில்லிகிராமிலிருந்து 1000 வரை கொடுத்திருக்கிறார்கள்.

இங்கேதான் பையைத் திருப்பிப் படிக்க வேண்டும். வெறும் அஸ்கார்பிக் அமிலம் என்று போட்டிருந்தால், அது சூட்டிலும் ஈரத்திலும் காற்றிலும் வேகமாகச் சிதையும், ஆலையில் தீவனம் வெந்து வெளியே வரும்போதே பெரும்பகுதி போய்விடும். பாஸ்பேட்டோடு பிணைத்த வகை, அஸ்கார்பில் பாலிபாஸ்பேட் அல்லது மோனோபாஸ்பேட் என்று எழுதியிருக்கும், அதுதான் நிற்கும். அடுத்து சதவீதம். பையில் வைட்டமின் சி 10% என்றால் கிலோ தீவனத்துக்கு 5 கிராம் பொடி போட்டால் 500 மில்லிகிராம் கிடைக்கும். சதவீதமே போடாமல் "கிலோவுக்கு 5 கிராம் கலக்கவும்" என்று மட்டும் இருந்தால் நீங்கள் எதைக் கொடுக்கிறீர்கள் என்று உங்களுக்கும் தெரியாது, மீனுக்கும் தெரியாது. நீங்கள் வாங்குகிற தீவனத்தில் ஏற்கெனவே வைட்டமின் கலவை இருக்கும், அதையும் பாருங்கள். ஈரத்தில் பல மாதம் கிடந்த பழைய மூட்டை என்றால் அந்தக் கலவையை நம்பாதீர்கள்.

வைட்டமின் ஈ பட்டியலிலேயே இல்லை, எனக்கு அது வியப்பு. தீவன எண்ணெய் காறிப்போயிருந்தால் அதை ஈடுகட்டவே உடம்பிலுள்ள வைட்டமின் ஈ செலவாகும். மூட்டையைத் திறந்ததும் பழைய பெயின்ட் வாடை அடித்தால் அந்த மூட்டையைத் தூக்கிப் போடுங்கள், மேலே எதைத் தெளித்தாலும் உருப்படாது.

பீட்டா குளுக்கான் நல்ல சரக்கு, ஆனால் எப்போதும் கொடுக்கிற பொருள் இல்லை. ஈஸ்ட் செல் சுவரிலிருந்து எடுப்பது. மீனின் விழுங்கணுக்கள், அதாவது கிருமியை விழுங்குகிற எதிர்ப்பு அணுக்கள், அதைப் பூஞ்சை வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு விழித்துக்கொள்ளும். மாதக் கணக்கில் நிறுத்தாமல் கொடுத்தால் அந்த விழிப்பு மங்கிவிடும், வீண் செலவு. பிரிப்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பு தொடங்கி, முடிந்ததும் நிறுத்துங்கள். புரோபயாடிக், அதாவது நல்ல பாக்டீரியாவில், தீவன ஆலைக்குள்ளேயே கலப்பதற்கு பேசில்லஸ் வகைதான் ஏற்றது, அதன் வித்துகள் சூட்டை ஓரளவு தாங்கும். லாக்டோபேசில்லஸ் தாங்காது, ஆறிய தீவனத்தின் மேல்தான் தெளிக்க வேண்டும். குளத்தில் ஆன்டிபயாடிக் ஓடுகிற நாட்களில் இரண்டையும் கொடுக்காதீர்கள், சேர்ந்தே சாகும்.

நியூக்ளியோடைடு, அதாவது டிஎன்ஏவின் கட்டுமானக் கூறு, சால்மன் வளர்ப்பில் நன்றாகப் பேசப்படுகிறது, அங்கே தடுப்பூசி, கடலுக்கு மாற்றுவது என்று முன்கூட்டியே தேதி தெரிந்த அழுத்தங்கள் இருக்கின்றன. கல்லீரல் டானிக் பற்றி, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத எதையும் நான் வாங்க மாட்டேன், அவ்வளவுதான்.

குளக்கரை:

இவ்வளவு விரிவாக யாரும் சொன்னதில்லை, நன்றி. முந்தைய நாள் தீவனத்தை நிறுத்துவதில்லை, கடைசியாக ஒரு வேளை நன்றாகச் சாப்பிடட்டும் என்றுதான் போடுவது வழக்கம். அதை மாற்றிவிடுகிறேன். இரண்டு சந்தேகம். ஒன்று, ரொட்டிக்குப் போடுகிற ஈஸ்ட்டையே கலந்தால் பீட்டா குளுக்கான் கிடைக்காதா? இரண்டு, பூண்டு அரைத்துக் கலக்கலாம் என்கிறார்கள், அது எப்படி? அப்புறம் பொடியைத் தீவனத்தில் ஒட்ட வைப்பதுதான் பெரிய பாடு, தண்ணீரில் போட்டதும் பாதி கரைந்து மேலே படலமாக மிதக்கிறது.

தீவனத்தொட்டி:

முழு ஈஸ்ட் கெட்டதில்லை, புரதமும் பி வைட்டமினும் கிடைக்கும். ஆனால் குளுக்கான் செல் சுவருக்குள் பூட்டிக் கிடக்கும், பிரித்தெடுத்த குளுக்கானின் அளவுக் கணக்கை அதற்குப் போட முடியாது. பூண்டில் வேலை செய்கிற அல்லிசின் நசுக்கினால்தான் உருவாகும், உருவானதும் நிலைக்காமல் சிதைய ஆரம்பிக்கும். அரைத்து உடனே கலந்து அன்றைக்கே போட்டால் ஏதோ கிடைக்கும், வேக வைத்தால் அதை உண்டாக்குகிற நொதியே செத்துவிடும். வாடைக்கு மீன் வந்து எடுப்பது உண்மை. எதிர்ப்புச் சக்திக்கும் நல்ல முடிவுகள் காட்டிய சோதனைகள் இருக்கின்றன, ஆனால் ஒரு பூண்டுக்கும் இன்னொரு பூண்டுக்கும் அளவு மாறும், அதனால் இதை நம்பித் திட்டம் போட முடியாது.

ஒட்ட வைப்பதற்கு: ஒரு வேளைக்கு வேண்டிய தீவனத்தை மட்டும் தார்ப்பாயில் பரப்புங்கள். பொடியைக் கிலோ தீவனத்துக்கு 20, 30 மில்லி தண்ணீரில் கரைத்துத் தெளிப்பானால் மெல்லத் தெளித்துப் புரட்டுங்கள். தண்ணீர் கூடினால் மிதவைத் தீவனம் ஊறி மூழ்கிவிடும், அதனால் கை நிதானம் வேண்டும். பத்து நிமிடம் உலர விட்டு மேலே மீன் எண்ணெயோ சமையல் எண்ணெயோ கொஞ்சம் தெளித்துப் புரட்டினால் படலம் மூடும். வெயிலில் காய வைக்காதீர்கள். மிச்சம் வைத்து மறுநாள் போடவும் வேண்டாம். குளத்தில் இறைக்கும்போது சில நிமிடத்தில் எடுத்து முடிக்கிற அளவு மட்டும் போடுங்கள், மிதந்துகொண்டே கிடந்தால் வைட்டமின் சி தண்ணீருக்குத்தான் போகும்.

வலைக்காரன்:

நான் கொஞ்சம் குறுக்கே பேசப்போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். எல்லோரும் சொல்வது சரியாகவே இருக்கலாம், ஆனால் இங்கே யாருமே கேட்காத கேள்வி, உங்கள் குளத்தில் விடியற்காலை ஆக்ஸிஜன் எவ்வளவு? இரவெல்லாம் பாசியும் மீனும் சேர்ந்து எடுத்த பிறகு விடியும் நேரத்தில்தான் அது அடிமட்டத்துக்கு வரும். பலர் குளிர்ச்சியாக இருக்கும் என்று அந்த நேரத்திலேயே வலையை இறக்குகிறார்கள். குளிர்ச்சி சரி, மூச்சு? லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் வரும்வரை காற்றூட்டியை ஓட்டிவிட்டு அப்புறம் இழுங்கள். மாலையில் இழுத்தால் பிஎச், அதாவது தண்ணீரின் காரத்தன்மை, ஏறியிருக்கும், அதே அமோனியா நச்சாக மாறுகிற பங்கு கூடும். முடிச்சு இல்லாத வலை, ஒரு தடவையில் குறைவான மீன், ஈரமான கை, இதற்கெல்லாம் பை வாங்க வேண்டியதில்லை என்பதால் யாரும் விளம்பரம் செய்வதில்லை.

சேர்க்கை வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் உங்கள் குளத்திலேயே பாருங்கள். ஒரே குளத்துக்குள் ஹாப்பா வலைக்கூண்டுகள் கட்டி, ஒரே அளவு மீனை ஒரே எண்ணிக்கையில் விடுங்கள், பாதிக் கூண்டுக்குச் சேர்க்கை, பாதிக்கு இல்லாமல். சேர்க்காத தீவனத்துக்கும் அதே தண்ணீர், அதே எண்ணெய் தெளிக்க வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயின் பலனைப் பொடியின் கணக்கில் எழுதிவிடுவீர்கள். ஒரே நேரத்தில் பிரித்துவிட்டு ஒரு வாரம் சாவை எண்ணுங்கள். இந்தக் குளத்துக்குப் போட்டேன், பக்கத்துக் குளத்துக்குப் போடவில்லை என்கிற ஒப்பீடு செல்லாது, இரண்டு குளத்துத் தண்ணீரும் ஒன்றாக இருப்பதில்லை.

செவுள்:

வலைக்காரன் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தண்ணீரும் கையாளுதலும் சரியாக இருந்தும் அழுத்தம் முழுவதும் போய்விடாது, பிரித்தே ஆக வேண்டும் என்றால் ஓரளவு அடி விழத்தான் செய்யும். அந்த மிச்சத்துக்குத்தான் தீவனச் சேர்க்கை.

"எல்லாவற்றையும் கலந்தால்?" என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை. செலினியம் என்ற தாதுவை மட்டும் கண்ணை மூடிக்கொண்டு கலக்காதீர்கள். தேவை கிலோ தீவனத்தில் ஒரு மில்லிகிராமுக்கும் கீழேதான். ரெயின்போ ட்ரவுட்டில் 13 மில்லிகிராம் கொடுத்தபோது வளர்ச்சி குன்றி மீன்கள் செத்திருக்கின்றன. மூன்று பைகளிலும் கொஞ்சம் கொஞ்சம் செலினியம் இருந்து மூன்றையும் கலந்தால் கூட்டுத்தொகையை யாரும் பார்ப்பதில்லை. வைட்டமின் சி கூடினால் நீரில் கரைந்து வெளியேறும், செலினியம் அப்படி இல்லை.

ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலமும் சுவாரசியமானது, மூளையில் மீனைச் சாந்தப்படுத்துகிற செரோட்டோனின் அதிலிருந்துதான் உருவாகிறது. ட்ரவுட்டுக்கு ஒரு வாரம் கூடுதலாகக் கொடுத்தபோது ஒன்றையொன்று கடிப்பது குறைந்தது, அழுத்தத்தில் கார்டிசால் ஏறுவதும் குறைந்தது. பிரித்தபின் உங்கள் மீன்கள் ஒன்றையொன்று விரட்டிக் கடிக்கின்றனவா? வால் அரிப்பில் பாதி அதுவாகக்கூட இருக்கலாம்.

குளக்கரை:

கடிக்கின்றன, குறிப்பாகப் பெரிய ஆண் மீன்கள். அதை இதோடு சேர்த்து யோசிக்கவே இல்லை. சரி, அடுத்த முறை இப்படிச் செய்யப்போகிறேன்: பிரிப்பதற்கு மூன்று வாரம் முன்பிலிருந்து பாஸ்பேட் வகை வைட்டமின் சியும் பீட்டா குளுக்கானும், வேறு எதுவும் இல்லை. முந்தைய நாள் தீவனம் கிடையாது. தொட்டியில் உப்பு. பாதிக் கூண்டுக்கு வெறும் எண்ணெய் தெளித்த தீவனம். இரண்டையும் சேர்த்தே கொடுத்தால் எது வேலை செய்தது என்று தெரியாதே, அது பரவாயில்லையா?

வலைக்காரன்:

கூண்டு போதுமான அளவு இருந்தால் சி மட்டும் ஒரு தொகுதி, இரண்டும் சேர்ந்தது ஒரு தொகுதி, எண்ணெய் மட்டும் ஒரு தொகுதி என்று பிரியுங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கூண்டாவது வேண்டும், ஒற்றைக் கூண்டில் வருகிற முடிவு தற்செயலாகவும் இருக்கலாம். கூண்டு குறைவென்றால் முதல் சுற்றில் இரண்டையும் சேர்த்தே கொடுங்கள். அதிலேயே வித்தியாசம் தெரியாவிட்டால் பிரித்துப் பார்க்கிற வேலை மிச்சம். உப்பை மட்டும் எல்லாக் கூண்டுக்கும் ஒரே அளவில் போடுங்கள்.