தம்பிக்கு இல்லாத குரல் கேக்கிறது குறைஞ்சிட்டு, ஆனா ஒருத்தரோடயும் பழகிறான் இல்லை

வெள்ளவத்தை_அக்கா:
வணக்கம். தம்பிக்கு ஸ்கிசோப்ரெனியா எண்ட மனவருத்தம், கிளினிக்ல மருந்து எடுக்கிறான், ஆரும் கதைக்காமலே காதில குரல் கேக்கிறது இப்ப நல்லாக் குறைஞ்சிட்டு. ஆனா ரூமை விட்டு வாறதே இல்லை. கூடப் படிச்ச பெடியள் ஒருத்தரும் கோல் எடுக்கிறதில்லை. லிஃப்ட்ல ஆரும் ஏறினா இவன் இறங்கிப் படியால போறான். சொந்தக்காரர் வந்தா அம்மா அவன் படுத்திருக்கிறான் எண்டு கதவைச் சாத்திப்போடுவா, தங்கச்சிக்குச் சம்பந்தம் பேசினம் அதால. நாலு மனுசரோட பழக எப்பிடித் தொடங்கி விடுறது?

வாட்_நேர்ஸ்:
அக்கா, இது சோம்பலும் இல்லை திமிரும் இல்லை, வருத்தத்தின்ர ஒரு பகுதி. குரல், சந்தேகம் இதுகளை மருந்து அடக்கும், ஆனா ஒண்டிலயும் ஆசை இல்லாமப் போறதுக்கும் ஆக்களை விட்டு ஒதுங்கிறதுக்கும் மருந்து பெரிசா உதவாது, அதுக்கு மனுசர்தான் வேணும். அதுக்காக மருந்தை விட்டுடவும் கூடாது. "போய் ஆரோடயாவது கதை" எண்டு தள்ளாதீங்கோ. முந்தி அவனுக்கு என்ன பிடிக்கும்? அதில ஒண்டை அவனே தெரிவு செய்யட்டும், கிழமையில ஒருநாள், ஒரே நேரம், கூடப்போறதும் ஒரே ஆள், முதல்ல அரை மணித்தியாலம் காணும். இரவில மருந்து போட்டா விடியத் தூங்கி வழிவினம், பின்னேரமா வையுங்கோ. லண்டன்ல ஜோர்ஜ் பிரவுன் எண்ட ஆராய்ச்சியாளரும் அவற்ர ஆக்களும் அந்தக் காலத்திலயே ஆராய்ஞ்சு பாத்தவை, வீட்டில ஓயாமக் குறை சொல்றதும் அளவுக்கு மிஞ்சிப் பொத்தி வைக்கிறதும் இருந்தா வருத்தம் திரும்பி வாறது கூட.

கொட்டாஞ்சேனை_பெடியன்:
எனக்கும் இதே வருத்தம்தான் அக்கா. எங்கட ஒழுங்கையில ஒரு கடை அண்ணை பின்னேரத்தில கரம் போர்ட் போடுவார், வருத்தத்தைப் பற்றி ஒண்டும் கேக்கமாட்டார், "தம்பி உன்ர அடி" எண்டு மட்டும் சொல்லுவார். கதைக்க ஒண்டும் வராட்டியும் காயைப் பாத்துக்கொண்டு இருக்கலாம், ஒருத்தற்ர முகத்தையும் பாக்கத் தேவையில்லை, அந்த நிம்மதி எனக்கு எவ்வளவு பெரிசு எண்டு சொல்லத் தெரியேல்லை. பிறகு பிறகு நானாவே கதைக்கத் தொடங்கினன். ஒண்டு மட்டும், வீட்டுக்கு வந்த உடன எப்பிடி இருந்தது ஆரோட கதைச்சனி எண்டு கேள்வி கேட்டுக் களைக்கப் பண்ணாதீங்கோ.

பொரளை_மாமி:
பிள்ளை, பொரளைப் பக்கம் சஹனய எண்ட நிலையம் இருக்கு, இப்பிடிப்பட்டவைக்குப் பகல்நேர நிகழ்ச்சி செய்றவை, தமிழில கதைக்க ஆள் இருக்கோ எண்டு முதல்ல கேட்டுப்போட்டுப் போங்கோ. இந்த வருத்தக்காரர் தாங்களே கூடி இடம் உண்டாக்கினதும் இருக்கு, நியூயோர்க்கில 1948ல பவுண்டன் ஹவுஸ் எண்டு தொடங்கினது, அங்க சமையல், கணக்கு, தோட்டம் எல்லாம் உறுப்பினரும் ஊழியரும் சேந்துதான் செய்வினம். கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போறதெண்டா வெள்ளிக்கிழமை வேண்டாம், சனம் குறைஞ்ச நாளாப் பாருங்கோ. அவசரமெண்டா 1926, அங்கொடை மனநல நிறுவனத்தின்ர நம்பர், 24 மணித்தியாலமும் எடுக்கலாம்.

வெள்ளவத்தை_அக்கா:
எல்லாருக்கும் நன்றி. அவனுக்கு முந்தி புத்தகமெண்டா உயிர், தமிழ்ச் சங்க நூலகத்துக்குப் பெரியம்மாட மகனோட போறியா எண்டு கேட்டன், "பாப்பம்" எண்டான், வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனா அம்மா தங்கச்சிட விஷயம் முடியும்வரைக்கும் பொறு எண்டுறா.

வாட்_நேர்ஸ்:
அடுத்த கிளினிக்குக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கோ. தம்பியிட்ட முதல்ல கேட்டுப்போட்டு, அவன் ஓமெண்டா டொக்டரிட்டச் சொல்லி அம்மாவோட தனியாக் கதைக்க விடுங்கோ, நீங்க சொல்லி எடுபடாதது அவை சொன்னா எடுபடும். நூலகத்துக்கு அம்மாட முடிவைப் பாத்துக்கொண்டு நிக்காதீங்கோ, அவன் "பாப்பம்" எண்டு சொன்ன கிழமையிலயே போகட்டும்.